கடலுக்கு வந்த காமாலை

அந்தக் கோடையில் காரைக்காலில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று, மஞ்சள் காமாலை வந்தவர்கள். இன்னொன்று, வராமலே வந்துவிட்டதாக நம்பியவர்கள். இரண்டும் கோவில்பத்தில் ரஜதானந்த சுவாமிகளின் கொட்டகை வாசலில் ஒன்றாய்க் கலந்தன. எண்பதுகள் பிறந்துவிட்டன. நாடு ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் காலி பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள்.

சுவாமிகளின் மருந்து வெள்ளித் தீர்த்தம். கண்ணாடி ஜாடியில் தண்ணீர், அதில் இரண்டு வெள்ளிக் கம்பி, கம்பிக்கு லாரி பாட்டரியிலிருந்து ஒயர். சைகோனில் ஒரு பிரெஞ்சு டாக்டரிடம் கற்றதாம். சைகோன் வரை போய் யார் விசாரிப்பது? திருநள்ளாறு போகவே பஸ்ஸில் இடம் கிடைப்பதில்லை.

நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு எடுத்துத் தீர்த்தத்தில் விடுவார். டம்ளர் வெள்ளையாகக் கலங்கும். "பாத்தீங்களா? உடம்புல உள்ள விஷத்தை வெள்ளி இழுக்குது!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

முதல் பக்தர் சோமசேகரன், ஓய்வுபெற்ற அதிகாரி. மாதக்கணக்கில் குடித்து அவர் முகமும் கையும் சிலேட்டு நிறமாகிவிட்டன. அது தேஜஸ் என்றார் சுவாமிகள். அவரும் நம்பினார். வீட்டம்மா மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போனார்.

விழிதியூர் செல்லத்துக்கு இதையெல்லாம் வேடிக்கை பார்க்க நேரமில்லை. அவள் புருஷன் கருப்பையன் கொட்டகையில் பாயில் கிடந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். காலையிலிருந்து பேச்சு குழறியது. பெற்ற மகளையே யாரென்று கேட்டான்.

அவள் தம்பி பாலகுரு, மின்சார ஆபீஸ் குமாஸ்தா, சைக்கிளில் வந்து இறங்கினான்.

"கெளம்புக்கா. மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"இங்கிலீஷ் மருந்து பட்டா வெள்ளி விஷமாயிடும்னு சாமி சொல்றாருடா. தெனமும் டம்ளர் வெளுக்குதே, விஷம் எறங்கிக்கிட்டுத்தானே இருக்கு?"

"வெளுக்காத டம்ளரை என்னைக்காவது பாத்தியா? யாருக்காவது?"

செல்லம் யோசித்தாள். பார்த்ததில்லை.

சோமசேகரனுக்குக் கோபம் வந்தது. "வெள்ளி கிருமியைக் கொல்லும்னு சயின்ஸே சொல்லுது தம்பி!"

"பாத்திரத்துல கொல்லும் சார். பிளீச்சிங் பவுடரும்தான் கெணத்துல கொல்லுது. அதை மோர்ல கலந்து குடிப்பீங்களா?"

சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனவன், சிறிது நேரத்தில் ஒரு சின்னப் பாட்டிலோடு திரும்பி வந்து சுவாமிகள் முன்னால் நீட்டினான்.

"கருக்களாச்சேரிலேர்ந்துங்க. ரொம்ப வயசான உடம்பு. ராப்பகலாப் பொரண்டுக்கிட்டே இருக்கு. ஒரே எரைச்சல்."

"மஞ்சளாவே இல்லையே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நோய் உள்ளே பதுங்கியிருக்கும்மா" என்று சுவாமிகள் ஒரு சொட்டு விட்டார். டம்ளர் கெட்டியாக வெளுத்தது. சுவாமிகளே மிரண்டார். "இவ்வளவு விஷத்தை நான் பாத்ததில்ல! ஈரல் போயிடுச்சு. உடனே ரெண்டு வேளையும் ஒவ்வொரு பாட்டில் குடுங்க."

"பத்தாதுங்களே. இது கடல் தண்ணி."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அடக் கடவுளே, கடலுக்கே காமாலையா!"

சுவாமிகள் அந்தக் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாற்கடலைக் கடைஞ்சப்ப என்ன வந்துச்சு? ஆலகால விஷம்! அந்த மிச்சம்தான் இது!" கூட்டம் ஆகாவென்றது. புராணம் படித்த ஜனங்கள் இல்லையா, சட்டென்று புரிந்துவிட்டது.

செல்லம் எழுந்தாள்.

"சரிங்க சாமி. உங்க உடம்புல விஷம் இல்லையே. புது டம்ளர் தீர்த்தத்துல நீங்க ஒரு துளி துப்புங்க."

"சித்தர் எச்சில் கீழே விழக் கூடாதும்மா."

"துப்புங்க சாமி!" என்று கத்தியவர் சோமசேகரன்தான். "துப்பிக் காட்டி இவங்க வாயை மூடுங்க!" பக்தனிடமிருந்து எந்தச் சாமி தப்ப முடியும்? சுவாமிகள் துப்பினார். டம்ளர் வெளுத்தது.

பாலகுரு பக்கத்து டீக்கடையிலிருந்து சிட்டிகை உப்பு வாங்கிவந்து இன்னொரு டம்ளர் தீர்த்தத்தில் போட்டான். அதுவும் வெளுத்தது. "உப்பு பட்டா வெளுக்குற தண்ணி. எச்சிலோ, மூத்திரமோ, கடலோ, எதுல உப்பு இல்ல?"

"உங்களுக்கும் காமாலைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஒண்ணாப் போவோம்" என்றாள் செல்லம் சுவாமிகளிடம். "இல்லேன்னா வழிய விடுங்க."

கருப்பையனை வாடகைக் காரில் ஏற்றினார்கள். சோமசேகரன் டம்ளரையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவாமிகள் பாட்டரியைக்கூட எடுக்காமல் பின்பக்கமாக நழுவினார்.

ஆஸ்பத்திரியில் சில நாள் குளுக்கோஸ் ஏறிய பிறகு கருப்பையனுக்கு நினைவு தெளிந்தது. மனைவியை அடையாளம் கண்டு, முதல் வார்த்தை பேசினான்.

"சாமியோட வெள்ளித் தண்ணிதான் செல்லம் என்னைக் காப்பாத்துச்சு."

செல்லம் தலையில் அடித்துக்கொண்டாள். "தம்பி, டாக்டரைக் கேளுடா. மயக்கம் தெளிஞ்சிடுச்சு, மத்தது எப்பத் தெளியும்?"

அதற்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அவரவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. பாட்டிலில் அடைத்து விற்காததால்தான் அதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை.