ஜன்னலோரத்துக் கடல்

அன்று அஜந்தன் லீவு போட்டான். காய்ச்சலும் இல்லை, கல்யாணமும் இல்லை. வீட்டில் உப்புத் திருட்டு.

ஸ்பிரிங்வெளி தோட்டத்துத் தேயிலை பெக்டரியில், கொழுந்து வாடுவதிலிருந்து ருசி பார்ப்பது வரை பொறுப்பான டீமேக்கர் அவன். குவாட்டர்ஸில் வெளிச்சம் வருவது ஒரே ஒரு ஜன்னலில். அங்கே கிடந்த மனைவி தனுஜாவின் தையல் மெஷினை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, எண்பது லீற்றர் கடல்மீன் தொட்டியை வைத்திருந்தான். மலை உச்சியில் சொந்தக் கடல்; அதில் இரண்டு மீன்கள். ஆனால் லீற்றருக்கு முப்பத்தைந்து கிராமில் நிற்க வேண்டிய உப்பின் அளவு, இரண்டே வாரத்தில் முப்பத்திரண்டு. கடல் உப்புச்சப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"நீதானே பச்சத் தண்ணி ஊத்துறே?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

"ஜன்னல் வேணும்னு மீனைக் கொல்லப் பாக்குறே!"

"ஏங்க, இருட்டுல ஊசி கோத்து என் கண்ணு போகுது. உப்பை அளக்க மெஷின் வாங்குனீங்களே, அதை அளக்க ஒண்ணு வாங்குனீங்களா?"

"இன்னைக்குப் பூரா தொட்டி பக்கத்துலயே இருக்கப்போறேன். உப்பு குறையலன்னா கள்ளி நீதான். தையல் மெஷினையே வித்துருவேன்."

"குறைஞ்சா?"

"ஜன்னல் உனக்கு."

"மீன் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான்.

காவல் தொடங்கியது. உட்கார்ந்தான், எழுந்தான், கதிரையை மாற்றினான், மீனை எண்ணினான். இரண்டுதான். மறுபடி எண்ணினான்.

தொட்டியில் ஸ்கிம்மர் என்று ஒரு குழாய் உண்டு. தண்ணீரை நுரைக்க வைத்து, அழுக்கை மேலே உள்ள கப்பில் சேர்க்கும். முன்பெல்லாம் சாயம் ஏறிய பிளேன்டீ நிறத்தில் கொஞ்சமாகத்தான் சேரும். "இவ்வளவுதானா?" என்று தனுஜா இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் உதட்டைப் பிதுக்கினாள். அன்றே நுரை கூட வரும்படி அதன் திருகாணியைத் திறந்துவிட்டான். இப்போது வெளிறிய நுரை பொங்கி, அரை லீற்றர் கப் நிறைந்து வழிந்தது.

கப்பைக் கொட்டினான். தொட்டியில் கீறியிருந்த கோடு வரைக்கும் பச்சைத் தண்ணீர் ஊற்றினான். வாடப்போட்ட கொழுந்தில் குறைவது தண்ணீர்தானே? தொட்டியிலும் அப்படித்தான். இருபது வருட சர்வீஸ் சும்மாவா?

"அடேங்கப்பா, எம்புட்டு அழுக்கு!" என்றாள் தனுஜா, அடுப்படியிலிருந்தே.

திருகாணியை இன்னும் கொஞ்சம் திறந்தான். சாயங்காலத்துக்குள் ஐந்து கப்; ஒவ்வொரு தடவையும் கோடு வரைக்கும் பச்சைத் தண்ணீர்.

அளந்தான். முப்பத்தொன்று.

"தனுஜா! பேய் இருக்கு!"

அவள் இன்னும் கொட்டாத ஐந்தாவது கப்பையும் ஒரு கரண்டியையும் நீட்டினாள். "நீங்கதான் டேஸ்ட் பண்ற ஆளாச்சே. சொல்லுங்க."

கரண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பினான்.

"த்தூ! உப்பு!"

"வாடுற கொழுந்துல தண்ணி மட்டும் போகும். நுரையோட உப்பும் சேர்ந்து போகுதுல்ல? உப்புத் தண்ணியை வெளிய கொட்டிட்டு, பச்சத் தண்ணியை உள்ள ஊத்துறது யாரு?"

அஜந்தன் கதிரையைத் தேடினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தொட்டி வந்த மொத வாரமே. கப்பைக் கழுவுறது நான்தானே."

"அப்ப ஏன்டி 'இவ்வளவுதானா'ன்னு கேட்டே? ஏன் இன்னைக்கு வரைக்கும் சொல்லல?"

"சொல்லியிருந்தா சத்தியம் பண்ணியிருப்பீங்களா?" அவள் வாளியை அவன் கையில் திணித்தாள். "லீவு போட்டதும் நல்லதாப் போச்சு. தொட்டியை அடுப்படிக்கு மாத்த ஒரு ஆள் வேணும்ல."