ஒரே ஒரு வாய்தானே

'ஒரே ஒரு வாய்தானே' என்று ஓர் இனம் உண்டு. புலியைக்கூடப் பட்டினி போட இவர்களுக்கு மனசு வராது. இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமா? எங்கள் மாடி வீட்டுத் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

ஓய்வு பெற்றவர். மணி அடித்து ஒரு நிமிடம் கழித்து வந்தவனை வாசலிலேயே நிற்க வைத்தவர். இப்போது அவரை ஆள்வது துரை. ஒன்பது வயதுப் பூனை. ஏழு கிலோ, அதில் பாதி அகம்பாவம்.

துரைக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை. தீனியைக் கடித்ததும் கத்திக்கொண்டு ஓடும். மயக்க மருந்து கொடுத்துப் பற்களைச் சுத்தம் செய்து சொத்தையைப் பிடுங்க வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் தாடைக்குள் இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை எழுதியும் கொடுத்தார். தலைமையாசிரியர் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். ரத்தப் பரிசோதனை ஆயிற்று. பழகட்டும் என்று ஒரு வாரம் முன்பே கூண்டை ஹாலில் திறந்து வைத்து, தன் பழைய பனியனை உள்ளே விரித்து, நுழைவது எப்படி என்று தானே தலையை விட்டுக் காட்டி, தலையை வெளியே எடுக்க மகளைக் கூப்பிட்டு, அதுவும் ஆயிற்று. மிச்சம் ஒரு விதிதான்: முந்தின இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அங்கேதான் இரண்டு முறை கோட்டை விட்டார்; இரண்டு முறையும் சிகிச்சை தள்ளிப்போயிற்று. முதல் முறை பால். "பால் எப்படிம்மா சாப்பாடாகும்?" இரண்டாம் முறை பிஸ்கட். "அதுவா எடுத்துக்கிச்சு." மூடியைத் திருகித் திறந்த பூனை!

மூன்றாம் முறை, மகள் தீனி டப்பாவை பீரோவில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் விசாரணை.

"அப்பா, என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. ஏதாவது குடுத்தீங்களா?"

"என்னை என்னன்னு நெனச்சே? முப்பது வருஷம் பரீட்சை ஹால்ல நின்னவன் நான்!"

கேட்ட கேள்விக்கு இது பதிலில்லை, கவனித்தீர்களா? அவள் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"பச்சைத் தண்ணி பல்லுல படல, டாக்டர்."

துரை கூண்டிலிருந்து தலையை நீட்டி, அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தது. இடது கையைச் சீண்டவே இல்லை.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "சார், கையை நீட்டுங்க."

எத்தனை பையன்களிடம் இவர் சொன்ன வாக்கியம்! நீட்டினார்.

டாக்டரம்மா முகர்ந்து பார்த்தார். "மீன் குடுத்தீங்களா?"

"நேத்து என் தட்டுல இருந்ததுதான் டாக்டர், எடுத்து வெச்சிருந்தேன். விடிஞ்சதும் வந்து மூஞ்சியவே பாத்துச்சு. ஒரே ஒரு வாய்தான். முள்ளுகூட எடுத்துட்டேன்."

"இன்னிக்கு ஊசி போட்டிருந்தா செத்திருக்கும், சார்." டாக்டரம்மா கூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் பண்றேன். நீங்க கெளம்புங்க."

வாசல்வரை போனவர் திரும்பினார். "ராத்திரி பசிக்குமே?"

"அப்பா!"

மறுநாள் இரண்டு பல் குறைந்து, உயிர் குறையாமல் வீடு வந்தது துரை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் 'வாய் வழியாக எதுவும் கூடாது' என்று அட்டை தொங்கிய கட்டிலில் படுத்திருந்தவர் உங்களையே பார்க்க, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு ஸ்பூனை நீட்டியது யார்? விதியெல்லாம் பாசமில்லாதவர்களுக்கு என்றுதானே அன்றைக்கு நினைத்தோம்? எதற்கும் வலது கையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

துரைக்கு இன்னும் ஒரு வாரம் கூழ்த் தீனி மட்டும்தான். நேற்று மாடிப்படியில் உட்கார்ந்து அது என் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு வாய்தான்.