மிச்சத்தக்காவும் கதவுக்கு முட்டுக் கொடுத்த பந்தும்

எதையும் மிச்சம் வைக்காதவன் என்று எமனைச் சொல்வார்கள். அந்த எமனே எங்கள் தெருவில் தொண்ணூறு தாண்டிய நாலைந்து பேரை விட்டுவைத்திருக்கிறான். மிச்சத்தக்கா விட்டுவைத்ததாக ஒரு பொருளையும் நான் பார்த்ததில்லை.

தூத்துக்குடியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. ஏற்றுமதிக்குப் போகிற மீன் நல்ல மீன்தானா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது அவளுடைய அடையாள அட்டையைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

நாங்கள் தூக்கிப் போட்ட பேஸ்ட் ட்யூபை நீளவாக்கில் கத்தரித்து, உள்சுவரை வழித்து, இன்னும் ஒரு வாரம் பல் தேய்ப்பாள். விடுதியிலுள்ள அத்தனை பேருடைய தேய்ந்த சோப்புகளையும் ஒன்றாகப் பிசைந்து அவள் செய்யும் சோப்பு, கூட்டணிக் கட்சிகளின் கொடிகளை ஒன்றாகத் துவைத்தது போல இருக்கும். பேக்கரியில் மக்ரூன் வாங்கப் போனால், "அண்ணாச்சி, டின்னுக்கு அடியில உதிர்ந்து கிடக்கும்லா, அதைத் தாங்க" என்பாள்.

"முழுசே நிறைய இருக்கேம்மா!"

"முழுசை எல்லாரும் வாங்குவாவ. அதுக்கு யாரு இருக்கா?"

பொருள் என்றில்லை, பேச்சையும் அவள் மிச்சம் வைக்க விடமாட்டாள். ஒரு தடவை திருச்செந்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒரு பெண் யாரிடமோ செல்போனில், கல்யாண வீட்டில் காணாமல் போன சங்கிலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறுமுகநேரி வந்ததும், பேசியபடியே இறங்கிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தால் பக்கத்துச் சீட்டு காலி. திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுத்திருந்த அக்காவும் இறங்கி அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸில் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தவளை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்க்கா இப்படி மானத்தை வாங்குதிய?"

"யாரு எடுத்தான்னு சொல்லாமலே இறங்குதாட்டி! நான் எப்படி சாமி கும்பிட?"

"சரி, யாருதான் எடுத்தா?"

"ஒருத்தரும் எடுக்கல. மாமியாக்காரி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு மறந்துட்டாவளாம்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் என் எதிர்காலம் ஒரு நாள் போய் மாட்டியது.

என் அப்பாவும் அம்மாவும் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் கட்டை விரலை மையில் அமுக்காமல் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைச் சொல்லக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் நான் தவற விடுவதில்லை, இங்கேயும் விடவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்ஸியில், கப்பலில் ஏறும் சரக்குக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலை எனக்கு. எல்லாம் நான் தயாரிப்பேன். உரிமம் வைத்திருக்கும் இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். அந்த இடத்தில் என் கையெழுத்து விழ வேண்டும் என்றால் சுங்கத் தரகர் தேர்வு எழுத வேண்டும். அதற்கான வகுப்பு சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடிந்தது. விடுதி கேட்டையோ ஏழுக்கே பூட்டிவிடுவார்கள்.

பூட்டுகிறவர் எங்கள் வார்டன், பி.டி. டீச்சர். நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் கழுத்திலிருந்த விசிலை விடவில்லை. ஏழு மணிக்கு அவர் விசில் ஊதினால் ரோட்டில் போகிற ஆட்டோக்கள்கூட ஒரு நிமிஷம் நின்று போகும். அவருக்கு வாழ்க்கையில் ஒரே குறை, வரவேற்பறையில் இருந்த கண்ணாடி அலமாரி. கோப்பைகள் வைப்பதற்கென்றே செய்தது. அதில் ஒரு கோப்பைகூடக் கிடையாது. அடுத்த தெரு விடுதிக்காரிகள் எறிபந்தில் வாங்கிய கோப்பையை ஜன்னல் ஓரம் வைத்து, அவர் சர்ச்சுக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் துடைப்பார்கள்.

வகுப்பைப் பற்றி நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "விசில் ஊதுனா ஊதுனதுதான்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. ஒரு நாள் மட்டும் காலி அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, "ஏட்டி, இதுக்குள்ள ஒரு கப்பைக் கொண்டாந்து வை. கேட்டை எட்டரைக்குப் பூட்டுதேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மாடியில் பௌலிங் கூடம் திறந்தார்கள். திறந்தவர் துபாயில் இதே மாதிரி ஒரு கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த காயல்பட்டினத்து இளைஞர். நாங்கள் அவரைத் துபாய் தம்பி என்போம். கூட்டம் சேர்ப்பதற்காக, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஜோடிப் போட்டி அறிவித்திருந்தார். நீளமான பலகைப் பாதை. அதன் கோடியில் பத்துக் கட்டைகள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பந்து. ஜோடியில் ஒருத்தி முதல் பந்தை உருட்ட வேண்டும். அதில் விழாமல் நிற்கிற கட்டைகளை மற்றவள் இரண்டாவது பந்தில் சாய்க்க வேண்டும்.

நோட்டீஸில் அந்த வரியைப் படித்ததும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அக்கா ஒரு ட்யூபைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வெளையாட்டு. நான் பாதியில விட்டதை நீங்க முடிக்கணும்."

கத்தரிக்கோல் நின்றது. "எப்பம்?" என்றாள்.

பந்து தேர்ந்தெடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமையைத் துபாய் தம்பி சாகும்வரை மறக்க மாட்டார். நான் உள்ளே போனதும் கறுப்பில் நீலம் சுழிக்கிற பளபளப்புப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். துபாயிலிருந்து அவரே மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பாதையில் தடவியிருக்கும் எண்ணெயைத் தாண்டியதும் தரையைப் பிடித்துக்கொண்டு வளைந்து போய்க் கட்டைக் கூட்டத்தின் விலாவில் இடிக்கும்.

அக்கா அப்படியெல்லாம் அவசரப்படவில்லை. அடுக்கிலிருந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். துளைக்குள் விரலை விட்டு அகட்டிப் பார்த்தாள். மோந்தாள். ஒரு பச்சைப் பந்தின் பக்கவாட்டில் பெருவிரலால் அமுக்கி, குழி விழுகிறதா என்று பார்த்தாள்.

"அக்கா, அது பந்துக்கா" என்றார் தம்பி.

"தெரியும் தம்பி. சரக்குன்னா பாத்துத்தான எடுக்கணும்?" ஒரு சிவப்புப் பந்தைத் திருப்பி அதன் மூன்று துளைகளையும் உற்றுப் பார்த்தாள். "இது வேண்டாம். கண்ணு உள்ள போயிருக்கு."

"அக்கா, எல்லாப் பந்துக்கும் அப்படித்தான் இருக்கும்!"

"அப்ப எல்லாமே பழைய சரக்கு."

தம்பி என்னைப் பார்த்தார். நான் என் காலணியின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டேன்.

அப்போது அக்காவின் பார்வை ஸ்டோர் ரூம் கதவுப் பக்கம் போனது. கடல் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு ஆரஞ்சுப் பந்தை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உடம்பெல்லாம் கீறல்.

"அது என்ன?"

"அது பழசுக்கா. வெறும் பிளாஸ்டிக்கு. என்ன உருட்டினாலும் வளையாது, நேராத்தான் போவும்."

"யாரும் எடுக்கலியா?"

"யாரும் எடுக்க மாட்டாங்க."

அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது. அக்கா போய் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்னால் கதவு படீரென்று அடித்தது. பெருவிரல் துளை அவளுக்குக் கொஞ்சம் பெரிது. விடுதியில் பக்கத்து அறை நர்ஸ் தூக்கிப் போட இருந்த பிளாஸ்திரிச் சுருளின் கடைசித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டாள். அதுவும் சரியாகப் போனது.

முதலில் ஏழெட்டுப் பந்து ஓரக் கால்வாயில்தான் விழுந்தது. பிறகு மூலையில் தனியாக நின்ற ஒரு கட்டையைப் பார்த்து அவள் உருட்டினாள். பந்து நூல் பிடித்தது போல நேராகப் போய் அதைத் தட்டிவிட்டது. மறுபடி மூலைக் கட்டை, மறுபடி விழுந்தது. தம்பி தலையைச் சொறிந்தார்.

"துபாய்ல பெரிய ஆட்டக்காரங்கல்லாம் ரெண்டாவது பந்துக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருப்பாங்க. வளையுற பந்து ஒத்தைக் கட்டைக்குச் சரிப்படாது, எண்ணெயைப் பாத்தா எங்கயாவது இழுத்துட்டுப் போயிரும். அதுக்கு இந்த மாதிரி பிளாஸ்டிக்குப் பந்துதான். அதைப் போயி நான் கதவுக்கு வச்சிருக்கேன் பாருங்க!"

ஆனால் அக்காவை வைத்து விளையாடுவதில் இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, பத்துக் கட்டையும் முழுசாக நின்றால் அவளுக்குக் கை வராது. "எல்லாம் நல்லாத்தான நிக்கி? அதை எதுக்குத் தட்டணும்?" என்பாள். இரண்டாவது, நான் ஒரே பந்தில் பத்தையும் சாய்த்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். முதல் தடவை நான் அப்படிச் சாய்த்துவிட்டுத் துள்ளிக் குதித்துத் திரும்பியபோது, அவள் பந்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வைக்கலியாட்டி?"

பந்தியில் இடம் கிடைக்காதவள் குரல் அது.

போட்டியன்று அரையிறுதிவரை எங்கள் ஜோடியைப் பார்க்கவே தனிக் கூட்டம் நின்றது. நான் கண்ட இடத்தில் கட்டைகளை விட்டு வைப்பேன். அக்கா பின்னாலேயே போய்ப் பெருக்கி எடுப்பாள். இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக ஒரு வங்கியின் பெண்கள். இருவரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டு, வந்ததிலிருந்து ஆங்கிலத்திலேயே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். எங்களுக்குக் கடைசிச் சுற்று. நான் உருட்டியதில் ஒன்பது விழுந்தது. வலது மூலையில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டே நின்றது.

அக்கா பந்தை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். உருட்டவில்லை.

"போடுங்கக்கா!"

"பொறுட்டி, அது இன்னும் யோசிக்கி. யோசிச்சு முடிக்கட்டும்."

ஜன்னல் வழியாகக் காற்று சுழன்று வந்தது. துபாய் தம்பி ஓடிப் போய் ஸ்டோர் ரூம் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றார். கட்டை ஆட்டத்தை நிறுத்தியது. ஆரஞ்சுப் பந்து புறப்பட்டு, எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்காமல், நேராக மூலைக்குப் போனது. டக்.

கூடமே கத்தியது. கடைசிச் சுற்றில் மிச்சத்தை முடித்தால் கூடுதலாக ஒரு பந்து உண்டு. தம்பி வைத்திருந்த விதிப்படி முடித்தவள்தான் அதை உருட்ட வேண்டும். நாலு கட்டை விழுந்தால் சமம், ஐந்து விழுந்தால் கோப்பை எங்களுக்கு. இயந்திரம் புதிதாகப் பத்துக் கட்டைகளை நிறுத்தியது. அக்காவின் முகம் வாடியது.

"அக்கா, இது பத்தும் மிச்சம்னு நெனச்சுக்கிடுங்க" என்று கெஞ்சினேன்.

"பொய் சொல்லாதட்டி. முழுசால்லா நிக்கி."

இருந்தாலும் எனக்காக உருட்டினாள். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுகிறவள் போல மரியாதையாக உருட்டினாள். பந்து மூன்று கட்டைகளிடம் வழி கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

வங்கிப் பெண்கள் கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் இடத்துக்கு ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். அலமாரியில் வைக்க முடியாத பொருள். நான் ஓரமாக உட்கார்ந்து, அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று கேட் பூட்டுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கத்தில் நின்று பரிசு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சின்னதாக இன்னொரு கோப்பை இருந்தது.

"தம்பி, அந்தக் கப்பு யாருக்கு?"

"அது சின்னப் பிள்ளைங்க போட்டிக்கு வாங்குனதுக்கா. பரீட்சை நேரம், ஒருத்தரும் சேரல."

"அப்ப அது மிச்சமா?"

அந்தக் குரலை நான் அறிவேன். பாவம், தம்பி அறியமாட்டார். ஐந்து நிமிஷம் மறுத்தார். ஆறாவது நிமிஷம் கோப்பையைக் காகிதத்தில் சுற்றி அவரே கையில் கொடுத்தார்.

ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் விடுதிக்குள் நுழைந்தோம். பி.டி. டீச்சர் விசிலோடு கேட்டில் நின்றார். கோப்பையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்: 'சிறுவர் பிரிவு, முதல் பரிசு.'

"இது என்னட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நாங்க ஒரு கட்டையில தோத்துட்டோம் டீச்சர். இது மிச்சம் கிடந்துச்சு. கேட்டேன், தந்தாவ. இவ கிளாசுக்குப் போவணும்."

டீச்சர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து நட்டநடுவில் வைத்து, எழுத்து சுவர்ப் பக்கம் பார்க்கும்படி திருப்பினார். இரண்டடி தள்ளி நின்று ரசித்தார்.

"கப்பு கப்புதான். நாளையிலருந்து எட்டரை" என்றார்.

அன்றைக்கு ஏழு மணி விசில் வழக்கத்தைவிட நீளமாக ஒலித்தது. அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

தேர்வு எழுதி முடித்து, இப்போது என் கையெழுத்தோடு சரக்கு கப்பல் ஏறுகிறது. அப்பாவிடம் ஒரு தாளைக் காட்டினேன். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், என் பெயர் இருந்த இடத்தை விரலால் சரியாகத் தொட்டார். அக்கா வேலை மாறிக் கொச்சிக்குப் போய்விட்டாள். அங்கே பஸ்ஸில் பேசுவது பாதிதான் புரிகிறதாம். மீதியைத் தெரிந்துகொள்ள மலையாளம் படித்துக்கொண்டிருக்கிறாள்.

வகுப்புக்குப் போன அந்த நாட்களில், நான் திரும்பி வருவதற்குள் விடுதியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். சாம்பார்ச் சட்டி கழுவியது போலக் காலியாக இருக்கும். அக்கா அப்படி வழித்திருப்பாள். ஆனால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடியிருக்கும். சோறு, கூட்டு, ஒரு துண்டு மீன்.

உலகத்தில் எதையுமே மிச்சம் வைக்காத மிச்சத்தக்கா, எனக்கு மட்டும் தினமும் மிச்சம் வைத்தாள்.