நாலாவது ஆள் குப்புசாமி

"மன்னிக்கணும் சார். சனி, ஞாயிறுல நாலு பேரா வந்தாத்தான் மைதானம் தருவோம். மூணு பேருக்குத் தர்றதில்லை," என்றாள் சுசித்ரா.

பூபதிக்குக் கால் நடுங்கியது. கையும் நடுங்கினால் சிக்னல் போய்விடும் என்பதால் காலை மட்டும் நடுங்கவிட்டு, போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். கொல்லிமலை ரோட்டில் அந்த ஒரு கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்றால்தான் பேச்சு அறுபடாமல் கேட்கும். கீழே பார்த்தால் தலை சுற்றும். பார்க்காமலே அவனுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் மிளகும் காப்பியும் விளையும் ராஜதுரை எஸ்டேட்டில் அவன் மேனேஜர். மேனேஜர் என்றால் ஆட்களுக்குக் கூலி போடுவதிலிருந்து முதலாளியின் மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாட்டிக்கொண்டு வருவது வரை எல்லாமும். இப்போது அந்த வரிசையில் கோல்ஃப் வந்து சேர்ந்திருந்தது. நீலகிரியில் இருக்கிற வெண்முகில் ரிசார்ட்டின் கோல்ஃப் மைதானம், பம்பாய்ப் பணக்காரர்களே காத்துக் கிடந்து ஆடுகிற இடம். சுசித்ரா அங்கே புக்கிங் பார்க்கிற பெண்.

முதலாளியின் உத்தரவு தெளிவாக இருந்தது. "மூணு பேரு. நானு, சேலம் டாக்டர் சிவபிரகாஷ், நாமக்கல் முட்டை ஏவாரி இளங்கோ. மூணே பேருதான், ஒரு ஆளைக்கூட மேல சேர்க்காதே. வர்ற சனிக்கெழமையே வேணும்னு கேளு. கெடைக்கலீன்னா பரவால்ல, வுட்டுரு."

அந்தப் 'பரவால்ல'தான் பூபதியைப் பயமுறுத்தியது. முன்பு மேனேஜராக இருந்த முரளி காப்பிக்கொட்டையை மழையில் நனையவிட்டபோதும் முதலாளி சிரித்துக்கொண்டே "பரவால்ல" என்றுதான் சொன்னார். அடுத்த வாரம் முரளிக்கு வேலை இல்லை. இப்போது போர் போடுகிற ரிக் லாரியில் ஏறிப்போய் சத்தீஸ்கரில் புழுதி தின்றுகொண்டிருக்கிறான். இந்த வேலை போனால் தனக்கும் அதே லாரிதான், ராதிகாவையும் பிள்ளைகளையும் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்தால் உண்டு என்று பூபதிக்குத் தெரியும்.

தவிர, மூன்று பேர் என்பதே அவனுக்கு உறுத்தல். தட்டில் மூன்று தோசை வைக்காத வீட்டில் வளர்ந்தவன் அவன். மூன்று பேராகக் கிளம்பினால் போன காரியம் விளங்குமா? அவனுக்கு முதலில் பார்த்த பெண்ணை மூன்று பேராகப் போய்ப் பார்த்துத்தான் அந்தச் சம்பந்தம் கெட்டது. பெரியவர்கள் சொன்னதைத்தான் இந்தப் பெண்ணும் சொல்கிறாள் என்று தோன்றியது.

"சார், லைன்ல இருக்கீங்களா? வேணாம்னா வெச்சிடறேன்."

"இருங்க, இருங்க! நாலாவது ஆளும் இருக்காருங்க!"

"பேர் சொல்லுங்க சார்."

பூபதி சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரே கம்பத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் பெரிய பேனரில் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"குப்புசாமிங்க," என்றான், பேனரில் இருந்த பேரைப் படித்து.

சொன்ன பிறகுதான் மேலே எழுதியிருந்த 'கண்ணீர் அஞ்சலி' கண்ணில் பட்டது. அபசகுனத்தைத் தவிர்க்க நாலாவது ஆள் சேர்க்கப்போய், பத்து நாளைக்கு முன் செத்தவரையா சேர்ப்பது? பேரை மாற்றலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சுசித்ரா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"ஒவ்வொருத்தரோட ஹேண்டிகேப் நம்பரும் வேணும் சார்."

இதை முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தார். டாக்டருக்குப் பதினாலு, இளங்கோவுக்குப் பதினெட்டு, தனக்கு இருபது. முதலாளிக்குத்தான் எல்லாரையும் விட அதிகம் என்பதில் பூபதிக்குப் பெருமை. குப்புசாமிக்கு என்ன சொல்வது? யாரோ ஒரு ஆள் முதலாளிக்கு மேலே போய்விடக் கூடாது. டாக்டருக்கும் கீழேதான் இருக்க வேண்டும். அடக்க ஒடுக்கமாக இருக்கட்டும் என்று,

"ரெண்டுங்க," என்றான்.

அந்தப் பக்கம் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"ரெண்டா சார்? வெறும் ரெண்டா?"

ரொம்பக் குறைத்துவிட்டோமோ என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அவுரு மலைக்காட்டு ஆளுங்க. ஏதோ அவரால முடிஞ்சது அவ்வளவுதானுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"ஐயோ, என்ன சார் நீங்க! புக்கிங் உறுதி சார். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி ஆட்டம்."

கீழே ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் சின்னராசு, சுவரில் இருந்து குதித்த பூபதியைத் தாங்கிப் பிடித்தான். "என்னப்பா, கெடைச்சிருச்சா?" என்று கேட்ட அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. டிரைவர்களுக்கு மேனேஜர்மேல் எப்போதும் ஒரு பொறாமை உண்டு என்று பூபதி நினைத்துக்கொண்டான்.

முதலாளியிடம் சொன்னதும் அவர் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது.

"எப்புடியா கெடைச்சுது?"

"பேசற விதத்துல பேசினேனுங்க." குப்புசாமியைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. ஒரு ஆளைக்கூடச் சேர்க்காதே என்றவரிடம் செத்த ஆளைச் சேர்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கெழமை ஒம்பதரை ராகு காலமாச்சே. வேண்டாம், கேன்சல் பண்ணீரு. பரவால்ல."

மறுபடியும் பரவால்ல! பூபதிக்குக் கண் இருட்டியது. "கேன்சல் எதுக்குங்க? மாத்திக் கேக்கறேனுங்க!" என்று வளைவுக்கு ஓடினான்.

இந்தத் தடவை பேசியது ரிசார்ட் மேனேஜரே. "குப்புசாமி சாருக்கு இல்லாத நேரமா! ஏழு மணிக்கு முதல் ஆட்டமே அவருக்குத்தான். எங்க தலைவர் தன்னோட நேரத்தை விட்டுக் கொடுத்துட்டார்."

"அவ்வளவெல்லாம் எதுக்குங்க?"

"என்ன சார், நம்பர் குறையக் குறையத்தானே ஆட்டக்காரர் பெரிய ஆள்? பத்துக்குக் கீழே வர்றவரே இங்கே அபூர்வம். உங்க ஆள் ரெண்டு! எங்க கிளப் சாம்பியனே நாலுதான். ரெண்டு பேருக்கும் ஒரு போட்டி வெச்சிருக்கோம்."

பூபதி சுவர்மேல் உட்கார்ந்துவிட்டான். மரியாதைக்குக் குறைத்த நம்பர், செத்தவரை மகாவீரராக்கிவிட்டது. முதலாளியின் இருபது எந்த லட்சணம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதை நினைக்கக்கூட நேரமில்லை.

"போட்டியெல்லாம் முடியாதுங்க. அவருக்கு வலது கை சுளுக்கிக்கிச்சுங்க. இடது கையில ஆடினா அவ்வளவு நல்லா இருக்காதுங்க."

"இடது கையிலும் ஆடுவாரா?" மேனேஜரின் குரல் தழுதழுத்தது.

"அவுரு கூட்டத்தைக் கண்டா கூச்சப்படுவாருங்க."

"கவலையே வேணாம் சார். அன்னைக்கு மத்த ஆட்டம் எல்லாத்தையும் ரத்து பண்ணிடறோம். அவர் நிம்மதியா ஆடட்டும்."

இனி வாயைத் திறப்பதே ஆபத்து என்று பூபதி போனை வைத்துவிட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே அந்தப் பூதத்துக்கு மாலை போட்டு வரவேற்க ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணி என்றதும் முதலாளி நாற்காலியில் சரிந்தார். "அப்படீன்னா வெள்ளிக்கெழமை பொழுதோட கெளம்போணும். வெளக்கு வெச்ச நேரத்துல ஊட்டை வுட்டுக் கெளம்பினா லச்சுமி போயிருவா. வேண்டாஞ்சாமி."

"வெள்ளிக்கெழமை காலையிலயே ரூம் தொறந்து தரச் சொல்றேனுங்க!"

தந்தார்கள். குப்புசாமி சாருக்கு என்றால் வியாழக்கிழமையே தருவோம் என்றார்கள். முதலாளிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பூபதிக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டான். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ராதிகா மட்டும், "சொன்னா வேலை போயிருமேங்க," என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதலாளி வீட்டு முன் பெரிய கார் நின்றது. அதில் ஏற்றுவதற்காக கோல்ஃப் மட்டைப் பைகள் வாசலில் வரிசையாக இருந்தன. முதலாளியின் பையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கூடத்தில் டாக்டரும் இளங்கோவும் வளைவில் சிக்னல் கிடைத்தபோது போனில் வந்த படத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ராஜதுரை, நீ பெரிய அழுத்தக்காரன்யா!" என்றார் டாக்டர். "நம்மகூட ஆடறது யாருன்னு சொல்லவே இல்லையே! ரிசார்ட்டுல விளம்பரமே போட்டிருக்கான். 'கொல்லிமலைச் சிங்கம், இரு கை வீரர் குப்புசாமி.' நான் இவரைக் கோயமுத்தூர்ல பார்த்திருக்கேன். என்னமா அடிப்பார் தெரியுமா!"

"எங்கிட்ட நல்லாப் பேசுவாருங்க," என்றார் இளங்கோ, விட்டுக்கொடுக்காமல்.

முதலாளியின் பார்வை மெல்லத் திரும்பிப் பூபதியின் மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையில் சத்தீஸ்கர் முழுவதும் தெரிந்தது.

பூபதி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மன்னிச்சுருங்க! குப்புசாமின்னு ஒரு ஆளே இல்லீங்க. மூணு பேருக்கு எடமில்லைன்னு சொன்னாங்க. உங்க ஆசை கெட்டுரக் கூடாதேன்னு நாந்தான் ஒரு பேரை அடிச்சு வுட்டேனுங்க. போயி நாலு பேரு இல்லீன்னா அங்க எடமே தர மாட்டாங்க. என்னை என்ன வேணாலும் செய்யுங்க."

டாக்டர் இருமினார். இளங்கோ விட்டத்தில் பல்லியைத் தேடினார்.

முதலாளி மட்டும் எழுந்து வந்து, குனிந்து, பூபதியை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அப்ப நாம போக முடியாதா பூபதி?" என்றார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் குரலின் கனிவைக் கேட்டு உள்ளம் உருகிவிட்டது. எவ்வளவு ஆசை வைத்திருந்தால் மனுஷன் இப்படிக் கண்ணீர் விடுவார்! இவருக்காக உயிரையே கொடுக்கலாம்.

"ஏன் முடியாது?" என்றார் டாக்டர் அவசரமாக. கோயமுத்தூர்ப் பேச்சை யாரும் கிளறுவதற்குள் தப்பிக்க அவருக்கு வேறு வழி இல்லை. "நாலு தலை வேணும், அவ்வளவுதானே? பூபதி, நீயே வாய்யா. கையைச் சுளுக்குன்னு கட்டிக்கோ. நீ ஆட வேணாம், சும்மா நில்லு. நாங்க மூணு பேரும் ஆடிக்கறோம்."

"அருமைங்க!" என்றார் இளங்கோ.

பூபதிக்குப் பொறி தட்டியது. முதலாளியின் ஆசை நிறைவேறும், தன் வேலையும் தப்பும். "வாரேனுங்க! உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டனுங்களா!" என்று டாக்டரின் துண்டை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டான். ஓடிப்போய்க் காரின் பின் கதவைத் திறந்து பிடித்தான். டாக்டரும் இளங்கோவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தள்ள, முதலாளி வாயே திறக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பேச்சு வராத அளவுக்குச் சந்தோஷம் என்று பூபதி எடுத்துக்கொண்டான். ராதிகாவுக்குப் போன் போட்டு, "வேலை எங்கேயும் போகலை," என்று சொல்ல வேண்டும் என்று வளைவு வரும்வரை காத்திருக்கத் தயாரானான்.

டிக்கியில் மட்டைப் பையை வைத்துக்கொண்டிருந்த சின்னராசு அவனைச் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னான்:

"ஏப்பா, மொதலாளி இது நாள் வரைக்கும் ஒரு பந்தைக்கூட அடிச்சதில்ல, இவங்ககிட்ட சும்மா பீத்திக்கிட்டு மாட்டிக்கிட்டாரு, மூணு பேருன்னா எடங்குடுக்க மாட்டாங்கன்னு என்னைய வுட்டு விசாரிச்சுப் போட்டுத்தான் உன்னைய மூணு பேருக்குப் புக் பண்ணச் சொன்னாரு!"