ஒன்பது வருடம் ஓடாத மெஷினில் நான்கு கார்பரேட்டர்கள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
வெள்ளிக்கிழமை, மே 2

என்றும் என் மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீங்களும் கோப்பாயிலிருந்து சுகமாக வந்திறங்கியிருப்பீர்கள். வீடும் பெருமளவு சுகம்.

இந்தக் கடிதத்தை உங்களைக் கூட்டிவர வரும் நிஷான் அண்ணை விமான நிலையத்தில் உங்களிடம் தருவார். காரில் ஏறி, பெல்ட் போட்ட பிறகு வாசியுங்கள். வீட்டுக்கு இருபது நிமிடம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் எனக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கும்.

புறப்படும்போது கராஜ் வாசலில் நின்று நீங்கள் சொன்னது நினைவிருக்கும்.

"நான் திரும்பி வரேக்கை இது ஓடோணும். ஓடாட்டி இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போடுவன்."

மூன்று கிழமை. 1979ஆம் ஆண்டு ஜப்பான் மோட்டார் சைக்கிள். என்னைவிட இருபது வயது மூத்தது. லாவாலில் ஒரு கொட்டிலுக்குள் பதினொரு வருடம் சும்மா நின்றது. பழைய இரும்பு என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் காலையில் கராஜ் கதவைத் திறக்கும்போது அதன் பெற்றோல் தாங்கியில் வெளிச்சம் விழும் விதம். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

கோளாறு கார்பரேட்டரில். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பவை. நான்கு. பழைய பெற்றோல் உள்ளே பிசினாகியிருந்தது. ரதீசனைக் கேட்டேன். அவனுக்கும் இதே பைத்தியம்.

"மச்சான், டிஷ்வொஷரிலை போடு. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவங்கள்."

"எங்கடை வீட்டிலை அது ஒருநாளும் ஓடினதில்லையடா."

"அப்ப புதுசெல்லே. இன்னும் நல்லது."

நீங்கள் போய் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேல்தட்டிலிருந்த கிளாசுகளை எடுத்துவிட்டு நான்கையும் அடுக்கி, இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அந்தப் பாத்திரம் கழுவும் மெஷினின் பொத்தானை அழுத்தினேன், கீழ்த்தட்டைப் பார்க்கவில்லை, அங்கே பெரியம்மா வறுத்து இடித்து அனுப்பிய கறித்தூள் மூன்று போத்தல் நின்றது, மூடிகள் இறுகியிருக்கவில்லை, இதற்கிடையில் எஞ்சினின் மேல்மூடிக்கு நான் அடித்த கறுப்புப் பெயிண்ட் சூட்டில் காய்ந்தால்தான் நிற்கும் என்பதால் ஓவனையும் போட்டேன், முதலில் சூடேறட்டும் என்று திறந்து பார்க்காமல் போட்டேன், அதற்குள் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு இருபத்துநாலும் இருந்ததை, கிழமையில் நான்கு நாள் அவற்றை அங்கிருந்து எடுத்து உங்களிடம் நீட்டுகிற நானே மறந்துவிட்டேன், பத்து நிமிடத்தில் மெஷினின் அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் வரத் தொடங்கியது, அதன் ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்திருந்ததாம், மிளகாய் ஆவி மேலே, பிளாஸ்டிக் புகை பக்கத்தில், நான் தும்முகிறேன், அப்பா இருமுகிறார், கூரையில் அலாரம் கத்துகிறது, பக்கத்து வீட்டு கிறேஸ் அக்கா யன்னலால் எட்டிப் பார்த்து "என்ன மனே, வீட்டையே வறுக்கியா?" என்று கேட்டபடியே தீயணைப்புக்குப் போன் அடித்துவிட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஓவனைப் பார்த்தார். டிஷ்வொஷரைப் பார்த்தார்.

"அதுகள் சாமான் வைக்கிற அலுமாரியெல்லே. அதை ஏன்ரா போட்டனி?"

நான் துவாயால் சிவப்புத் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தேன்.

தீயணைப்புக்காரர் நான்கு பேர் வந்தார்கள். பெரிய சப்பாத்துகள். அப்பா வாசலில் கையை விரித்து மறித்தார்.

"பொன்ஜூர், பொன்ஜூர். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. பக்கத்திலை சாமியறை."

பிரெஞ்சு வணக்கம் தவிர மற்றதெல்லாம் தமிழில்தான் சொன்னார். அவர்கள் கழற்றவில்லை. கழற்றக் கூடாதாம். ஓவனை அணைத்து, யன்னல்களைத் திறந்து, இருபத்துநாலு தட்டும் ஒரே தட்டாகிப் போனதைக் கறண்டியால் எடுத்து வெளியே வைத்தார்கள். பனி இன்னும் கரையாத அந்த மூலையில். அழகாகத்தான் இருந்தது.

போகும்போது மீசை வைத்த ஒருவர் நான் மெஷினிலிருந்து எடுத்து மேசையில் போட்டிருந்த கார்பரேட்டர்களைக் கண்டார். நின்றார். எழுபத்தொன்பதா என்று கேட்டார். ஓம் என்றேன். மற்றவர்களை வண்டிக்குப் போகச் சொல்லிவிட்டு, சப்பாத்தைத் தானாகவே கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பா தேத்தண்ணி போட்டார். அவரிடமும் அதே வண்டி இருக்கிறது, அதுவும் ஓடாது. ஒரு கார்பரேட்டரை மூக்கருகே கொண்டுபோனார். ஏழு தரம் தும்மினார். அந்த அரைமணி நேரம் நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பது சரியல்ல.

பிறகு பன்னிரண்டு நாள். பெற்றோல் போகும் துளைகள் மயிரளவு. ஒவ்வொன்றிலும் கறித்தூள். குத்தி எடுக்க மெல்லிய கம்பி வேண்டும். பிரஷாந்தினி அக்கா வீணையை இங்கே விட்டுவிட்டுக் கல்யாணம் முடித்துக் கர்க்லாண்ட் போய் ஆறு வருடம். இப்போது அதில் ஏழுக்கு ஆறு கம்பிதான். அவளுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணி. முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு இருமல். நான்காவதில் பிடித்தது. நான்கும் ஒரே குரலில். அப்பா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் முகர்ந்தார். "மணம்தான் கோழிக்கறி."

ஆகவே, அம்மா, நீங்கள் விதித்தபடி அது ஓடுகிறது. தெரு முனைவரை போய் வந்தேன். இரும்புக்காரனைக் கூப்பிடத் தேவையில்லை. குசினியைப் பற்றிய உண்மை: டிஷ்வொஷர் இனி ஓடாது, ஓவனும் ஓடாது. இரண்டையும் பழையபடி அலுமாரியாகப் பாவிக்கலாம். வீட்டு வாசலில் இறங்கியதும் நேரே கராஜுக்கு வாருங்கள். குசினிக்குப் பிறகு போகலாம்.

பயணக் களைப்பு தீரட்டும், கோபம் அதற்கு முன்பே தீரட்டும் என வேண்டும்,
உங்கள் ஆசியில் மிச்சமிருப்பதை நாடும் மகன்,
ஆரூரன்

பி.கு.: கடிதத்தை வாங்க வந்த நிஷான் அண்ணை வாசலில் நின்று சிரிக்கிறார்.

"உனக்குத் தெரியாதோ? கிறேஸ் அக்கா அண்டைக்கே அம்மாவுக்கு வீடியோ அனுப்பிட்டா. அம்மா யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் இருபத்துநாலு தட்டும் வாங்கிப் பெட்டியிலை அடுக்கிட்டா."

அப்படியென்றால் இந்தப் பன்னிரண்டு நாளும் நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டேதான் தொலைபேசி எடுத்தீர்கள். ஒருநாளும் குசினியைக் கேட்கவில்லை. "வண்டி ஓடுதோ?" என்று மட்டும் கேட்டு, நான் இழுக்க, வைத்துவிட்டீர்கள். அது அக்கறையா எச்சரிக்கையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம்.

ஓடுது, அம்மா.