வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு

செஞ்சி,
சனிக்கிழமை காலை.

அருகன் துணை.

மேல்சித்தாமூரில் இருக்கும் மரியாதைக்குரிய அஜித்நாதன் மச்சானுக்கு, செஞ்சியிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் மல்லிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் பிரம்மியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். அங்கு தங்கள் மூட்டுவலியும் கறவை மாடும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். நான் வாய் திறப்பதற்குள் தாங்கள் "நான் அப்பவே சொன்னேன் இல்ல" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகவே கடிதம். கண்டக்டர் பார்த்திபனிடம் கொடுத்தனுப்புவேன்.

ஆமாம், அப்போதே சொன்னீர்கள். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காதே, பெண் சிலுவை போட்டுக்கொண்டு வந்து நிற்கும் என்றீர்கள். அப்படி நின்றிருந்தால்கூட ஒரு கவலையோடு போயிருக்கும். சேர்க்கும்போதே தலைமையாசிரியை வளர்மதி சிஸ்டரிடம், ஜெபமும் சேவையும் இருக்கட்டும், எங்களுக்குப் படிப்பு மட்டும் போதும் என்று கேட்டேன். "மூணும் ஒண்ணாத்தான் சார் வரும், பிரிச்சுத் தர்றதில்ல" என்று சிரித்தார். மல்லாட்டை மண்டி வைத்திருப்பவன் நான், மூட்டையில் கடலையோடு கல்லும் மண்ணும் கூடவே வரும் என்று தெரியாதவனா, வீட்டில் புடைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தேன். பிள்ளை ஒன்பதாவதுக்கு வந்துவிட்டது, இன்னும் ஒன்றும் பிரிகிற வழியாயில்லை.

முதலில் சேவையில் வந்தது வினை. ஆஸ்பத்திரி வளாகத்தில் களை பிடுங்க வகுப்பையே கூட்டிப் போயிருக்கிறார்கள். நம் பெண் ஒரு எறும்புப் புற்றைப் பார்த்துவிட்டு, அதுங்க வீட்டைக் கலைக்கக் கூடாது என்று குறுக்கே நின்றதாம். மொத்த வகுப்பும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எறும்புக்குச் சர்க்கரை தேடப் போய்விட்டது. களை இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்வருகிற வழியில் நான் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம் அவர்களுக்குத் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டை விடுங்கள் என்று சிஸ்டர் சொன்னாராம். ஒரு வேளையை விடுவதெல்லாம் ஒரு உபவாசமா என்று நம் பெண் வகுப்பில் எழுந்து, பொழுது சாய்ந்தால் சாப்பிடாமல் இருப்பது, கிழங்கு தொடாதது, தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது என்று நம் சமண வழக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நேற்று சாயந்திரம் சுவாதி என்கிற பெண்ணின் அப்பா எழிலன் மண்டிக்கே வந்துவிட்டார். ஞாயிறு பூசை தவறாதவர், நல்ல மனுஷன், ஆனால் பசியில் இருந்தார். "இன்னா சார் இது? ஆறு மணிக்கு மேல வீட்ல அடுப்பு பத்த வைக்க உடமாட்டேங்குது. ஈஸ்டருக்குக் கறி வாணாமாம். எங்க புள்ளைங்கள மதம் மாத்துறீங்களா?" என்கிறார். மச்சான், இந்த வார்த்தையைத் தாங்கள் சிஸ்டர்களைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று மூன்று வருடமாக வைத்திருந்தீர்கள். என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டான்யா! இன்று பதினோரு மணிக்கு சிஸ்டர் முன்னால் பஞ்சாயத்து.

படிப்பையாவது சொல்லலாம் என்றால், கணக்கில் மார்க்கு இறங்கிப் போச்சு. எப்படி இறங்காது? வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நேராக மண்டிக்கு வந்துவிடுகிறாள். மற்ற நாளில் டீயோடு முடித்துக்கொள்கிறவன் நான். சமையலுக்கு வருகிற நாகம்மாள் கொடுத்தனுப்பினாள் போல, கையில் ஒரு டப்பா. நான் தின்று முடிக்கிறவரை சாக்கு மேல் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உப்பு போதவில்லை என்று வாரா வாரம் சொல்லியும் திருந்தவில்லை. இதற்கா பீஸ் கட்டுகிறேன்?

என்னால் முடியவில்லை மச்சான். நாளை ஞாயிறு தாங்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிசி வாங்கி வைக்கிறேன், பத்தாவது அங்கே படிக்கட்டும். தங்கள் தங்கை சுபா போன பிறகு இந்த வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் இவளுடையதுதான். அதுவும் போகட்டும், எனக்குப் பழகிவிடும். பெண் பிள்ளை தாயில்லாத வீட்டில் வளர்ந்து கெட்டது என்று பேச்சு வரக்கூடாது.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசி. தங்கள் குடும்பமாவது குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் லாயக்கில்லாத
மல்லிநாதன்

பி.கு.: பஞ்சாயத்து முடிந்து வந்து எழுதுகிறேன். சிஸ்டர் முன்னால் எழிலன் கொஞ்சம் தாராளமாகவே கத்தினார். "எம் பொண்ணாவது உட்ட சோத்தைப் பக்கத்து வூட்டுக் கெழவிக்குக் கொண்டும்போய்க் குடுக்குது. இவரு பொண்ணு யாருக்குக் குடுக்குது, கேளுங்க!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார். "தனியாச் சாப்பிடுற ஒருத்தருக்குத் தன் சாப்பாட்டைக் கொடுத்துட்டு, அவங்க முடிக்கிறவரை கூட உட்காரணும். அதுதான் சார் தவக்காலச் சேவை. யாருக்குன்னு பிள்ளைங்களே பார்த்து எடுத்துக்கணும். பிரம்மி உங்களை எடுத்துக்கிட்டா" என்றார்.

இத்தனை வாரமும் அவள் பங்கைத் தின்றுவிட்டு உப்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன் மச்சான். நீ சாப்டியா என்று ஒரு வாரம்கூடக் கேட்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதேன், எழிலன்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

தாங்கள் நாளை வர வேண்டாம். டிசியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரம்மியிடம், இனிமேல் இரண்டு டப்பாவாக எடுத்து வா, சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "ரெண்டு டப்பா எடுத்தாந்தா அது சேவைல வராது நைனா, வெறும் சாப்பாடுதான்" என்றாள்.

வெறும் சாப்பாடே போதும்மா என்றேன்.