முகவரிக்குள் நான் போட்ட ஒரு வரி

இந்த முறை அந்தோனியார் திருநாளுக்கு, சிலை வைச்சுத் தூக்குற கூட்டின்ர முன்தடி என்ர தோளிலைதான். வானம் இடிஞ்சு விழட்டும், ஊர்காவற்றுறைக் கடல் வத்திப் போகட்டும், இந்த யாக்கோப்பு பின்வாங்கமாட்டான். பின்வாங்கினது போதும்.

என்னைப் பின்வாங்க வைச்சது ஒருத்தன்தான். என்ர மனிசி மரியநாயகியின்ர தம்பி, அருளப்பு. அவையின்ர தேப்பன் வள்ளம், வலை, ஆள் எல்லாம் வைச்சுத் தொழில் செய்த மனுசன். ஊருக்கு அவர் சம்மாட்டியார், எனக்கு மாமா. தங்கமான மனுசன். மகன் மட்டும் தென்னைமரம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டுத் திருநாள். சுருவம் வைச்ச கூட்டைத் தூக்க நான் முன்தடியிலை போய் நிண்டனான். முழுச் சனத்துக்கும் முன்னாலை அவன் சொன்னான்: "அத்தான், உங்கட தோளுக்கும் தடிக்கும் இடையிலை நாலு விரல் வெளி கிடக்கு. பின்னுக்கு வாங்கோ."

பின்னுக்குப் போனன். அந்த நாலு விரலும் என்னோடை பின்னுக்கு வந்தது. சுத்துப்பிரகாரம் முடியுமட்டும் தடி என்னிலை முட்டவேயில்லை. நான் தடிக்குக் கீழை சும்மா நடந்தனான். சின்னப் பெடியள்கூடச் சிரிச்சாங்கள். அடுத்த வருசம் ஊர் கலைஞ்சுது. அவன் பாரிசுக்குப் போனான், நாங்கள் கொழும்புக்குப் போனம். எல்லாத்தையும் விட்டிட்டுப் போனனான், அந்த நாலு விரலை மட்டும் விட ஏலாமல் போச்சு.

இப்ப இரண்டாயிரத்தி மூண்டு. சண்டை ஓய்ஞ்சு, பாதை திறந்து, நாங்களும் ஊருக்கு வந்திட்டம். பதினாலு வருசத்துக்குப் பிறகு திருநாளைப் பெரிசாச் செய்வம், வெளிநாட்டிலை இருக்கிற எல்லாருக்கும் அழைப்பிதழ் அனுப்புவம் எண்டு பங்குச் சுவாமியார் சொன்னார். விலாசத்துக்கு எங்கை போறது? என்னட்டைத்தான் வரவேணும். கொழும்பிலை நான் கப்பல் கொம்பனி ஒண்டிலை கிளாக்கர். அவை கழிச்சுவிட்ட கொம்பியூட்டரை வீட்டை கொண்டந்து, ஊரை விட்டுப் போன ஒவ்வொரு குடும்பத்தின்ர விலாசத்தையும் அதுக்குள்ளை அடிச்சு வைச்சிருந்தனான். நானூற்றிப் பன்னிரண்டு விலாசம்.

வில்லங்கம் என்னெண்டால், அது கறுத்தத் திரையும் பச்சை எழுத்துமான பழைய காலத்துச் சாமான். ஒருக்கால் ஒரு விலாசம்தான் காட்டும். அதின்ர பிரின்ரர் கொழும்பிலையே செத்துப்போச்சு. சுவாமியாரின்ர அறைவீட்டிலை புதுக் கொம்பியூட்டரும் பிரின்ரரும் கிடக்கு, ஆனால் பழசு எழுதி வைச்சதைப் புதுசுக்கு வாசிக்க ஏலாது. திறந்தால் சதுரம் சதுரமாக் காட்டுது.

எல்லாரும் இருந்து கையாலை எழுதுவம் எண்டார் சுவாமியார். நான் விடேல்லை. பேசிக் எண்ட கொம்பியூட்டர் பாசையிலை நானே ஒரு புரோகிராம் எழுதி, எல்லா விலாசத்தையும் புதுசுக்கு விளங்கிற மாதிரி உரிச்செடுத்து, வெள்ளிக்கிழமை பிளொப்பியிலை கொண்டந்து தாறன், முன்தடியை எனக்குத் தாங்கோ எண்டனான். ஓம் எண்டார்.

ஜெனறேற்றர் ஓடுற பின்னேர மூண்டு மணித்தியாலம்தான் எனக்கு வாய்ச்சது. திங்கள் எழுதினன், செவ்வாய் ஓடவிட்டன். முதலாவது ஆள் கண்ணாடி மாதிரி வந்தார். முப்பதாவது ஆளின்ர பேர் இருக்கவேண்டிய இடத்திலை முன்னுக்கு நிண்டவரின்ர ரெலிபோன் நம்பர் வந்து குந்தியிருந்தது. நூறாவதுக்கு வரேக்கை ரொறொன்ரோக்காரர் நோர்வேயிலை குடியிருந்தார்.

நான் தலையிலை கை வைக்க, மரியநாயகி தையல் மெசினை நிப்பாட்டினா.

"முதலாம் ஆள் சரியோ?"

"சரி."

"இரண்டாம் ஆள்?"

"ஒரு எழுத்துத் தள்ளி நிக்குது."

"மூண்டாம் ஆள் இரண்டு எழுத்துத் தள்ளி நிக்குமே?"

"ஓம். உமக்கெப்பிடித் தெரியும்?"

"வெட்டுற அளவு பிழை. ஒவ்வொரு துண்டிலையும் ஒரு நூல் விடுபடுது. போகப்போகச் சட்டைக் கை கழுத்துக்கு வரும்."

ஒரு விலாசத்துக்கு நூற்றியிருபத்தேழு எழுத்து எண்டு வைச்சிருந்தனான். நூற்றியிருபத்தெட்டு எண்டு மாத்தினன். ரொறொன்ரோக்காரர் ரொறொன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். நானும் உதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான் எண்டு மனிசிக்குச் சொன்னன். ஓமோம் எண்டு திரும்ப மெசினை மிதிச்சா.

புதன்கிழமை, ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து, என்ர வாழ்க்கையிலேயே முக்கியமான வரியை எழுதினன். முகவரி எண்டால் என்ன? முகமும் வரியும். முகத்தைக் காண விருப்பமில்லாட்டி ஒரு வரி போட்டால் போச்சு. பேரிலை எங்கையாவது அருளப்பு எண்டு கண்டால் அந்த ஆளை விட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போ. அவ்வளவுதான். இந்த வீட்டிலை நான் விதிச்ச ஒரே வரி அதுதான்.

பிளேன்ரீக் கோப்பையோடை மரியநாயகி பின்னாலை வந்து நிண்டது எனக்குத் தெரியாது.

"உதிலை தம்பியின்ர பேர் கிடக்கு," எண்டா.

"அது... அவனுக்கெண்டு தனி வரி. மற்ற ஒருத்தருக்கும் இல்லாத மரியாதை."

திரையைக் கொஞ்சநேரம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அப்பிடியோ எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குப் போயிட்டா. பதினாலு வருசமாத் தம்பியின்ர படத்தைச் செபப்புத்தகத்துக்குள்ளை வைச்சிருக்கிற மனிசி அவ. எனக்கு நெஞ்சுக்குள்ளை குத்தினதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அந்த நாலு விரலை நினைச்சன். மனம் திரும்ப இறுகிப்போச்சு.

வியாழக்கிழமை ஒரு கட்டுக் கடித உறையோடை வந்து பக்கத்திலை கதிரையைப் போட்டா. வீடு மாறின ஆக்கள் இருக்கினம், பழைய விலாசத்துக்கு அனுப்பி என்ன பிரியோசனம் எண்டா. நியாயமான கதை. அவ வாசிக்க நான் அடிச்சன். லண்டன், பேர்ண், ஒஸ்லோ எண்டு போய்க் கடைசி உறை வந்தது.

"நீக்கிலாப்பிள்ளை. பாரிஸ்."

"ஆர் உவர் நீக்கிலாப்பிள்ளை?"

"எங்கட கலியாணத்துக்கு வந்த பேர்தான். முன்வரிசையிலை நிண்டவர்."

"எனக்குப் பிடிபடேல்லையே."

"நீங்கள் அவரின்ர கையாலை எத்தினை பாரை மீன் வாங்கித் திண்டிருப்பியள்."

திண்ட மீன் எல்லாத்துக்கும் பேர் வைச்சுக்கொண்டிருக்க ஏலுமோ? என்ன தலைப்பெழுத்து எண்டு கேட்டன். ஏ எண்டா. என்ர இந்த இரண்டு கையாலையும் நீக்கிலாப்பிள்ளை ஏ எண்டு அடிச்சன். எழுத்துப் பிழை வரக்கூடாது எண்டு இரண்டுதரம் சரிபார்த்தும் விட்டன்.

வெள்ளிக்கிழமை பிளொப்பி அறைவீட்டுக்குப் போச்சுது. பிரின்ரர் விலாசம் விலாசமாத் துப்பிச்சுது. சுவாமியார் என்ர தோளிலை தட்டி, முன்தடிக்கு ஏத்த தோள் எண்டார். வாழ்க்கையிலை என்ர தோளைப் பற்றி ஒருத்தர் நல்லது சொன்னது அண்டைக்குத்தான்.

மூண்டு கிழமை போக, அறைவீட்டுக்கு ஜேர்மனியிலையிருந்து ஒரு ரெலிபோன் வந்தது. என்ர தங்கச்சி. ஊர்முழுக்க அழைப்பிதழ் போயிருக்கு, கூடப்பிறந்தவளுக்கு இல்லையோ எண்டு அழுதாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வீட்டை வந்து யோசிச்சுப் பார்த்தன். அவள் கலியாணம் முடிச்சது கரம்பன் ஊரிலை இன்னொரு அருளப்புவை. அங்கை அவள் திருமதி அருளப்பு. மச்சானுக்கு விரிச்ச வலையிலை சொந்தத் தங்கச்சி மாட்டுப்பட்டுப் போனாள். பரவாயில்லை, போர் எண்டால் சேதம் வரும் எண்டு மனதைத் தேற்றினன்.

திருநாளுக்கு முதல்நாள் படலையடியிலை ஒரு வான் வந்து நிண்டது. கதவு திறந்தது. ஒரு கால் வந்தது. அந்தக் கால் முடிய நேரமெடுத்தது. அருளப்பு.

மரியநாயகி ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிச்சு அழுத அழுகை எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ளை கேக்குது. எனக்கும் கண் கலங்கிப்போச்சு. அதுக்குள்ளை அவன் வந்து என்னையும் கட்டிப்பிடிச்சான். என்ர மூக்கு அவன்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ளை போச்சுது.

"அத்தான், கோவத்திலை என்னைக் கழிச்சு விட்டிருப்பியள் எண்டு நினைச்சனான். கையிலை அழைப்பிதழ் கிடைச்ச உடனை ரிக்கற் எடுத்திட்டன்," எண்டு உறையை எடுத்துக் காட்டினான்.

வாசிச்சன். நீக்கிலாப்பிள்ளை ஏ. பாரிஸ்.

"பிரான்ஸிலை அப்பான்ர பேர்தானே அத்தான் முன்னுக்கு. என்ர பேர் ஒத்தை எழுத்தாச் சுருங்கிப் போச்சு. அதைக்கூட விளங்கி அனுப்பியிருக்கிறியள்."

நான் வேறை என்ன செய்ய? ஓம் எண்டு தலையாட்டினன்.

அடுத்தநாள் கூட்டைத் தூக்கேக்கை சுவாமியார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். முன்தடியை அவனுக்கு விட்டிட்டு நானாவே பின்னுக்குப் போனன். நாலு விரல் இப்ப அஞ்சு விரலாப் போச்சு. வயசு போகப் போக மனுசன் கட்டையாவான் எண்டு சொல்லுவினம், உண்மைதான்.

மெழுகுதிரியோடை எனக்குப் பக்கத்திலை மரியநாயகி நடந்து வந்தா. தடிக்குக் கீழையிருந்து மெதுவாக் கேட்டன்: "உம்மட அப்பாவின்ர பேர் சம்மாட்டியார் எல்லோ?"

திரி அணையாமல் கையாலை மறைச்சுப்பிடிச்சுக்கொண்டு சொன்னா: "முப்பது வருசமா மாமா மாமா எண்டு கூப்பிட்டு மீன் திண்டியள். ஒருநாள் அவரின்ர பேரைக் கேட்டிருந்தால், இண்டைக்கு முன்தடி உங்களுக்கு."